நிலவரம்

காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்ததும்
முதலில் கையில் எடுப்பது சாக்பீஸ்.
தொட்டியில் சின்ன மீன்கள் உயிரோடிருக்கின்றனவா என்பதெல்லாம்
பிறகுதான்.
நேற்றைய வரிகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எழுதுகிறேன்:

கோல்பி ஆறு: பனி உருகிய வெள்ளம். கடுங்காப்பி நிறம்.
தண்ணீர் முப்பத்தொன்பது டிகிரி.
பாலத்துக்குக் கீழே ஸ்டீல்ஹெட், அங்கொன்றும் இங்கொன்றும்.
சிவப்பு வலைத்துணியில் முடிந்த முட்டைக்கு வாய் வைக்கிறது.
மார்ட்டன் ஏரி: பனிப்பாளம் கரையை விட்டுவிட்டது.
நடுவில் சாம்பல் நிறம்.
யாரும் ஏறாதீர்கள்.

கடைசி வரியை மட்டும்
சாக்பீஸ் முறியும்படி அழுத்தி எழுதுவேன்.
காரணம் ஓரின் டுவோமெலா.

போன மார்ச் மாதம் இதே பலகையில்
"பனி பதினாலு அங்குலம், வண்டி தாங்கும்"
என்று எழுதியிருந்தேன்.
பொய்யில்லை. நானே துளை போட்டு அளந்தேன்.
அடியில் ஊற்று இருக்கும் இடத்தில் மட்டும்
அளக்கவில்லை.

ஓரின் ஜன்னல் வழியாக வெளியே வந்தார்.
வண்டி, துளைக்கருவி, கடித்து வைத்த பாதி சாண்ட்விச்,
மனைவி பின்னிக் கொடுத்த கையுறையில் ஒன்று,
எல்லாம் இருபத்திரண்டு அடிக்குக் கீழே.
ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் உண்டு.
இவர் நாலு சக்கரத்தையும் விட்டார்,
என் எழுத்தை நம்பி.

அதிலிருந்து தினமும் வருகிறார்.
எதுவும் வாங்குவதில்லை.
இலவசக் காப்பியை ஊற்றிக்கொண்டு
பலகையை வரிவரியாக உரக்க வாசிக்கிறார்,
கோர்ட்டில் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல.
முடிந்ததும், "ம்".
திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும்.
அந்த "ம்" பதினாலு அங்குலத் தடிமன்.

மற்றவர்கள் சுலபம்.
இந்த ஊரில் எல்லாரும் கையை விரிப்பவர்கள்.
கிடைத்தவன் நீளம் காட்ட விரிப்பான்,
கிடைக்காதவன் ஒன்றுமில்லை என்று விரிப்பான்,
தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால்
வித்தியாசமே தெரியாது.
நேற்று கிரீன்பே பல் மருத்துவர் விரித்தது
முப்பத்துநாலு அங்குலம்.
படம் எங்கே என்றால் போனில் சார்ஜ் இல்லையாம்.
இருபத்தாறு என்று எழுதினேன்.
வாசிப்பவர்கள் அதை இருபத்திரண்டு என்று படித்துக்கொள்வார்கள்.
ஜெனீவ் சவார்ட் அப்படியில்லை.
வாளி நிறையப் பெர்ச் வைத்துக்கொண்டு நிற்பாள்.
"எங்கே பிடித்தாய்?"
"தண்ணீரில்."
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவள்.
வாயைத் திறந்து கெட்டது மீன்தானே, நானா என்பாள்.

இன்று ஓரின் வாசித்தார். கோல்பி ஆறு, வெள்ளம், கடுங்காப்பி.
முப்பத்தொன்பதில் நின்றுவிட்டார்.
"ம்" வரவில்லை.
"நாற்பத்தொன்று" என்றார்.
"நாலு மணிக்கு நான் அங்கே இருந்தேன், மார்லிஸ்."
சட்டைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து
கல்லாமேல் வைத்தார்.
நூலில் இன்னும் ஈரம்.

நாற்பதைத் தாண்டினால்
பெரிய ஏரியின் வாயில் காத்திருக்கும் மீன்கள்
ஒரே இரவில் ஆறேறும்.
அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.
ஒன்பதைத் துடைத்தேன், மூன்றையும் துடைத்தேன்,
அவர் சொன்னதை எழுதினேன்.
அவர் ஒரு டஜன் முட்டை முடிச்சு வாங்கினார்.
சில்லறையை எண்ணிப் பார்க்காமல் போட்டுக்கொண்டார்.

கடையைச் சாத்தும் நேரம் திரும்பி வந்தார்.
இடுப்புவரை ஈரம், உதடு நீலம்,
கோட்டுக் கையில் நாணயம்போல் ஒரு செதில்.
வாளி இல்லை. தூண்டிலும் வண்டியிலேயே.
"என்னாச்சு?"

இரண்டு கைகளையும் விரித்தார்.

விரித்தபடியே நின்றார், கொஞ்சம் சிரித்தமாதிரி.
சுவரில் ஆணியில் அளவுகோல் தொங்கியது.
நான் அதை எடுக்கவில்லை.
காப்பி ஆறிப்போயிருந்தது,
புதிதாகப் போட்டேன்.